பழைய டிராக்டருக்குப் பெயின்ட் அடிப்பது: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் நிற்பது அப்பா வாங்கிய மாசி ஃபெர்குசன் 1035. நான் பெயின்டர் இல்லை, விவசாயி. அந்த வண்டிக்கு என் கையால் இரண்டு தடவை பெயின்ட் அடித்திருக்கிறேன். முதல் தடவை அடித்தது நான்கே மாதத்தில் வெங்காயத் தோல் மாதிரி உரிந்தது. இரண்டாவது தடவை அடித்தது ஆறு வருஷமாக நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு டீக்கடையிலும் களத்துமேட்டிலும் ஆளாளுக்குக் கேட்கிற சந்தேகங்களைக் கேட்டபடியே எழுதியிருக்கிறேன். நான் சொல்வது காவிரி டெல்டாவின் சேற்றுக்கும் வெயிலுக்கும் பொருந்தும். மற்ற ஊர்க்காரர்கள் மாதக் கணக்கை மட்டும் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஓடுற வண்டிக்கு எதுக்குண்ணே பெயின்ட்? என்ஜின் நல்லா இருந்தா போதாதா?

என்ஜினுக்குப் போதும், தகரத்துக்குப் போதாது. மட்கார்டின் அடியில் சேறு ஒட்டிக் காய்ந்து, அடுத்த உழவில் மறுபடி நனைந்து, வருஷம் முழுக்க ஈரமாகவே கிடக்கிறது. யூரியா மூட்டையும் பொட்டாஷ் மூட்டையும் ஏற்றுகிற வண்டியில் சிந்தின உரம் வேறு சேர்ந்து அரிக்கும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் என்றால் உப்புக்காற்றும் உண்டு. தகரம் ஓட்டையாகி, தகர வேலை செய்கிற டிங்கரிடம் போனால் ஆகும் செலவில் பெயின்ட் வேலையே முடிந்துவிடும்.

வண்டி வெளுத்து ரோஸ் கலர் ஆயிடுச்சு. மறுபடி அடிச்சே ஆகணுமா?

அவசரப்படாதீர்கள். வெயில் பட்டு மேல்தோல் செத்துப்போய் மாவு மாதிரி ஆவதுதான் அந்த ரோஸ் நிறம். விரலால் தேய்த்தால் சிவப்புப் பொடி ஒட்டுகிறதா? ஒட்டினால் ஒரு சின்ன டப்பா ரப்பிங் காம்பவுண்ட் வாங்கி, ஈரத்துணியில் தொட்டு, பானட்டில் ஒரு சாண் அளவு இடத்தை வட்டமாகத் தேய்த்துப் பாருங்கள். அடியில் பழைய சிவப்பு உயிரோடு இருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரியும். முழு வண்டியையும் அப்படித் தேய்த்து மேலே வேக்ஸ் போட்டால் இரண்டு மூன்று வருஷம் தள்ளலாம்.

தேய்க்கும்போது ப்ரைமரோ (கலருக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சு) தகரமோ எட்டிப் பார்த்தால், துரு கொப்புளம் கிளம்பியிருந்தால், நகத்தால் நெம்பினாலே பெயின்ட் தகடாக வந்தால், காம்பவுண்ட் வேலைக்கு ஆகாது. கீழே படியுங்கள்.

ஆயுத பூஜைக்குள்ள முடிச்சுடலாமா?

எனக்கு ஒவ்வொரு வருஷமும் புரட்டாசியில் வருகிற கேள்வி இது. நான் முதல் தடவை தோற்றதும் இதே அவசரத்தில்தான். பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆரம்பித்தேன், நடுவில் இரண்டு நாள் மழை. பூஜையன்று வண்டி மாப்பிள்ளை மாதிரி நின்றது. தை மாதத்தில் கிளட்ச் ஹவுசிங்கைச் சுற்றிப் பெயின்ட் காணாமல் போயிருந்தது.

டெல்டாவில் சரியான காலம் மாசி முதல் வைகாசி வரை. சம்பா அறுவடை முடிந்திருக்கும். வழக்கப்படி மேட்டூர் அணை ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறக்கிறார்கள், நடுவில் வண்டிக்கு வேலை குறைவு. காற்றில் ஈரமும் குறைவு. சித்திரை, வைகாசியில் உச்சிவெயிலில் மட்டும் அடிக்காதீர்கள். தகரம் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால் பெயின்ட் பரவுவதற்குள் காய்ந்து சொரசொரப்பாகிவிடும். பனி விலகிய பிறகு காலை எட்டு முதல் பதினொன்று வரை நல்ல நேரம். ஆடியில் வேண்டவே வேண்டாம், ஊர்ப் புழுதி எல்லாம் உங்கள் பானட்டில்தான் உட்காரும்.

நானே செய்யலாமா, பட்டறையில விட்டுடலாமா?

கழுவுவது, கழற்றுவது, தேய்ப்பது எல்லாம் நீங்களே செய்யுங்கள். வேலையில் முக்கால் பங்கு அதுதான், காசு கொடுத்தாலும் உங்கள் அளவுக்குப் பொறுமையாக யாரும் செய்யமாட்டார்கள். தகரம் ஒட்டுவது டிங்கருக்கு. கடைசி கோட்டிங் ஸ்ப்ரே மட்டும் ஒரு பெயின்டரைக் கூப்பிட்டு அடிக்கலாம். வீட்டில் செய்தால் ஆள் ஒருவருக்குப் பத்து முதல் பதினைந்து நாள் பிடிக்கும். இரண்டே நாளில் தருகிறேன் என்று சொல்கிற இடத்தில், எந்த வேலையை விட்டுவிடப் போகிறார்கள் என்று கேளுங்கள்.

எதை எல்லாம் கழட்டணும்?

பானட், முன் கிரில், இரண்டு மட்கார்டு, சீட், விளக்குகள், பேட்டரி, டூல் பாக்ஸ், சைலன்சர். முடிந்தால் சக்கரங்களும். டீசல் டேங்கைக் கழற்றினால் வேலை சுத்தமாக இருக்கும், ஆனால் அதன் பக்கத்தில் கிரைண்டரோ வெல்டிங்கோ கூடாது. காலி டேங்கில் நிற்கிற ஆவி நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது.

கழற்றுவதற்கு முன்னால் போனில் எல்லாப் பக்கமும் படம் எடுத்துவையுங்கள். விளக்கு ஒயர் எது எங்கே போனது என்று பத்து நாள் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது. போல்ட்டுகளை அந்தந்த பாகத்தின் பெயர் எழுதிய தனித்தனி டப்பாவில் போடுங்கள். துருவேறிய போல்ட்டை முரட்டுத்தனமாகத் திருப்பி முறிக்காமல், முந்தின நாள் ராத்திரியே கொஞ்சம் டீசல் விட்டு ஊறவையுங்கள்.

டீசல் ஊத்தி பிரஷ் போட்டுக் கழுவிட்டேன். பளபளன்னு இருக்கு. இனி அடிக்கலாம்ல?

கூடாது. அந்தப் பளபளப்புதான் எதிரி. டீசலும் மண்ணெண்ணெயும் கிரீஸைக் கரைக்கும், ஆனால் தாங்களே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். அதன் மேல் அடிக்கிற ப்ரைமர் தகரத்தைப் பிடிக்காது, எண்ணெயைத்தான் பிடிக்கும். நான் முதல் தடவை செய்தது இதேதான். வண்டியில் அதிகம் உரிந்த இடங்கள் கிளட்ச் ஹவுசிங், ஹைட்ராலிக் மூடி, பின் ஆக்சில். மூன்றும் எண்ணெய் கசிகிற இடங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும். காய்ந்த சேற்றையும் கட்டிக் கிரீஸையும் முதலில் பட்டைத் தகட்டால் சுரண்டி எடுங்கள். அப்புறம் டீசல், பிரஷ். அதன் பிறகு வாட்டர் சர்வீஸில் விட்டு, சோப்புத்தூள் கலந்த வெந்நீரால் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். தண்ணீர் விரிந்து ஒரே படலமாக நின்றால் சுத்தம். நன்றாகக் காய்ந்த பிறகு, ப்ரைமர் அடிப்பதற்குச் சற்று முன், சுத்தமான பனியன் வேஸ்டில் தின்னர் தொட்டு ஒரே திசையில் துடையுங்கள். வேஸ்ட் கறுத்தால் மாற்றுங்கள், அதையே திரும்பத் தேய்த்தால் எண்ணெயைப் பூசுகிறீர்கள் என்று அர்த்தம். அதன் பிறகு வெறுங்கையால் தொடக்கூடாது, கைவியர்வையில் உப்பும் எண்ணெய்ப் பசையும் இருக்கின்றன.

கழுவும்போது இரண்டு எச்சரிக்கை. டீசல் பம்ப் சூடாக இருக்கும்போது அதன் மேல் குளிர்ந்த தண்ணீரைப் பாய்ச்சாதீர்கள், உள்ளே நூலிழை இடைவெளியில் ஓடுகிற பாகங்கள் இறுகிப் பிடித்துக்கொள்ளலாம். டைனமோவையும் செல்ஃப் மோட்டாரையும் பாலித்தீன் பையால் கட்டிவிடுங்கள். கசிகிற ஆயில் சீல் இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். கசிவு நிற்காத இடத்தில் உலகத்தில் எந்தப் பெயின்டும் நிற்காது.

பழைய பெயின்டை மொத்தமா உரிச்சு இரும்பைக் காட்டணுமா?

தேவையில்லை. நன்றாகப் பிடித்திருக்கிற பழைய பெயின்ட் நல்ல அடித்தளம், அதை 220 நம்பர் உப்புத்தாளால் மினுமினுப்பு போகும்வரை தேய்த்தால் போதும். உரிகிற இடம், துரு உள்ள இடம் இரண்டையும்தான் இரும்பு வரை எடுக்க வேண்டும். துருவுக்குக் கம்பி பிரஷ், பிறகு 80 அல்லது 120 நம்பர் தாள். உரித்த இடமும் பழைய பெயின்டும் சேர்கிற ஓரத்தை விரல் தடவினால் படி தெரியாத அளவுக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். பெயின்ட் அந்தப் படியை மூடிவிடும் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். மினுங்குகிற பெயின்ட் எதையும் மறைக்காது, எடுத்துக்காட்டும்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதியே 2016-இல்தான் வந்தது, அதுவும் வீட்டுக்கும் அலங்காரத்துக்குமான பெயின்டுக்கு மட்டும். அதனால் உலர்ந்த தூசு பறக்கத் தேய்க்காமல் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்ப்பது நல்லது. மாஸ்க் போடுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், அந்தச் சேறு மாட்டுத் தொட்டிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்த இரும்பு ஒரே ராத்திரியில் மஞ்சளாகத் துரு பூக்கும். ஆகையால் தேய்த்த இடத்தை அன்றைக்கே துடைத்து உலர்த்தி ப்ரைமர் அடித்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு முடிகிற அளவு மட்டும் தேய்த்தால் போதும்.

காஸ்டிக் சோடா போட்டா ஈஸியா வந்துடும்னு சொல்றாங்களே?

வரும். தகர மட்கார்டில் வேலை செய்யும், ஆனால் அலுமினியப் பாகங்களைத் தின்றுவிடும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். மூலையில் கொஞ்சம் தங்கிவிட்டால் பின்னால் அடிக்கிற பெயின்டையும் கொப்புளமாக்கும். நான் பயன்படுத்துவதில்லை.

ரெட் ஆக்சைடு அடிச்சு நாலு மாசமா வெளியில நிக்குது. நேரா மேல கலர் அடிக்கலாமா?

ரெட் ஆக்சைடு என்கிற செம்மண் நிற ப்ரைமரை அடித்தால் துரு வராது என்று பலர் நினைக்கிறார்கள். அது நுண்துளை உள்ள பூச்சு. மேலே எனாமல் வந்து மூடும்வரை தண்ணீரை உள்ளே விடும். நாலு மாதம் மழையிலும் பனியிலும் நின்றிருந்தால் அடியில் துரு கிளம்பியிருக்கும், மேல்பக்கம் புழுதியும் எண்ணெயும் ஏறியிருக்கும். கழுவி, தேய்த்து, துரு தெரிகிற இடத்தை இரும்பு வரை எடுத்து, இன்னொரு தடவை ப்ரைமர் அடியுங்கள். இனிமேல் ப்ரைமர் காய்ந்த சில நாட்களுக்குள் கலர் ஏறிவிட வேண்டும்.

கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்யத் தயார் என்றால் இரண்டு டப்பா கலக்குகிற எபாக்ஸி ப்ரைமர் வாங்குங்கள். சேற்றில் இறங்குகிற வண்டிக்கு, முக்கியமாக மட்கார்டின் அடிப்பக்கத்துக்கு, அது நன்றாக நிற்கும்.

பட்டி எவ்வளவு கனம் போடலாம்? மட்கார்டுல கட்டை விரல் போற ஓட்டை இருக்கு.

ஓட்டைக்குப் பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பசை) கிடையாது. டிங்கரிடம் கொடுத்து அரித்த தகரத்தை வெட்டிவிட்டுப் புதுத்தகடு பற்றவைக்கச் சொல்லுங்கள். பட்டி நெளிவுக்கும் பள்ளத்துக்கும்தான், அதுவும் தட்டி நிமிர்த்தின பிறகு மீதி இருக்கிற பள்ளத்துக்கு. ஒரு தடவைக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். டிராக்டர் கார் மாதிரி அல்ல, வரப்பு ஏறி இறங்கும்போது மட்கார்டு முழுக்க அதிரும். கனமான பட்டி கேக் துண்டு மாதிரி கழன்று விழும்.

பட்டி இறுகுவதற்காகக் கலக்குகிற ஹார்டனரை அதிகம் போட்டால் சீக்கிரம் இறுகும் என்று அள்ளிப் போடாதீர்கள், விரிசல் விடும். இன்னொன்று: மேலே தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொன்னேன் அல்லவா? பட்டி போட்ட இடத்துக்கு அது பொருந்தாது. பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், மூன்று மாதம் கழித்துக் கொப்புளமாகக் காட்டும். அதை உலர்ந்தபடியே, மாஸ்க் போட்டுத் தேயுங்கள்.

எனாமலா, என்சியா, பியூவா? கடைக்காரர் ஒண்ணு சொல்றாரு, பெயின்டர் ஒண்ணு சொல்றாரு.

மூன்றும் காய்கிற விதமே வேறு. சிந்தெடிக் எனாமல் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகும். தொட்டால் ஒட்டாத நிலைக்கு நாலைந்து மணி நேரம், ஓரளவு கெட்டிப்பட ஒரு நாள், முழுசாக இறுக வாரக்கணக்கு. விலை குறைவு, பிரஷிலும் அடிக்கலாம், கீறினால் வீட்டிலேயே தொட்டுச் சரிசெய்யலாம். குறை என்னவென்றால் சில வருஷத்தில் வெளுக்கும், டேங்க் வாய்ப்பக்கம் டீசல் சிந்திச் சிந்தி இளகும்.

என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டில் தின்னர் ஆவியாகிப் போனால் வேலை முடிந்தது, கால் மணியில் காயும். புழுதி ஒட்ட நேரமே இருக்காது. ஆனால் நிறையக் கோட்டிங் வேண்டும், பாலிஷ் போட்டால்தான் மினுக்கம் வரும். ஈரக்காற்றில் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் படிவதுதான் காரணம். ஐப்பசி, கார்த்திகையில் என்சி அடித்துவிட்டு "பெயின்ட் மட்டம்" என்று கடைக்காரரைத் திட்டுவதில் நியாயமில்லை.

பியூ (பாலியூரித்தேன்) என்பது பெயின்டும் ஹார்டனரும் கலந்து அடிப்பது. டீசல், உரம், வெயில் எல்லாவற்றையும் மற்ற இரண்டையும்விட நன்றாகத் தாங்கும். ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்கிற ரசாயனம் இருக்கிறது. ஸ்ப்ரே அடிக்கும்போது அது மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம், ஒரு தடவை ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிப்பது ஒன்றுமே கட்டாததற்குச் சமம். அதனால் என் கணக்கு இது: வீட்டுக் களத்தில் அடிப்பவர் எனாமலோடு நிற்கட்டும். பியூ வேண்டுமானால் சரியான மாஸ்க்கும் காற்றோட்டமும் உள்ள பட்டறையில் கொடுங்கள். என் வண்டி ஆறு வருஷமாக நிற்பது சாதாரண எனாமலில்தான்.

எனாமல் மேல என்சி அடிச்சேன், சுருங்கிப் போச்சு. ஏன்?

மேலே சொன்ன வித்தியாசம்தான் காரணம். என்சி தின்னர் காரமானது, அடியில் இருக்கிற எனாமலை ஊறவைத்துக் கிளப்பிவிடும். கிழவன் கை மாதிரி தோல் சுருங்கும். என்சி மேல் எனாமல் அடிக்கலாம், தலைகீழாகக் கூடாது. வண்டியில் ஏற்கெனவே இருப்பது என்ன என்று தெரியாவிட்டால், மறைவான இடத்தில் என்சி தின்னர் நனைத்த துணியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சுருங்கினால் எனாமல். கரைந்து துணியில் நிறம் ஏறினால் என்சி. ஒன்றுமே ஆகவில்லை என்றால் பியூவோ கம்பெனியில் சூட்டில் வைத்துச் சுட்ட பெயின்டோ.

சுருங்கினதை மேலே அடித்து மூட முடியாது. ஒரு வாரம் காயவிட்டு, சுரண்டி, முதலில் இருந்து வாருங்கள்.

மொத்தம் எத்தனை லிட்டர் வாங்கணும்?

என் 1035-க்கு ஆனதைச் சொல்கிறேன். ப்ரைமர் இரண்டு லிட்டர், தகரத்துக்குச் சிவப்பு இரண்டு லிட்டர், என்ஜினுக்கும் அடிப்பாகத்துக்கும் சாம்பல் இரண்டு லிட்டர், துடைப்பதற்கும் கன் கழுவுவதற்கும் சேர்த்து தின்னர் ஐந்து லிட்டர். சிவப்பில் அரை லிட்டர் மிச்சம். அதைக் கொட்டிவிடாதீர்கள், கீறல் தொட உதவும். தாளும் டேப்பும் பனியன் வேஸ்டும் நினைப்பதைவிட இரண்டு மடங்கு ஆகும்.

மாசி சிவப்புன்னு கேட்டா கடையில மூணு சிவப்பு காட்டுறாங்க. எது சரி?

உங்கள் வண்டியே பதில் சொல்லும். வெயில் படாத இடத்தைத் தேடுங்கள்: டூல் பாக்ஸின் உள்பக்கம், பானட்டின் உள்மடிப்பு, ஸ்டிக்கருக்கு அடியில். அங்கே காம்பவுண்ட் போட்டுத் துடைத்து, கழற்ற முடிந்த சின்னப் பாகமாக எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். போன் படத்தைக் காட்டி நிறம் கேட்காதீர்கள். கலக்கின பெயின்டைப் பழைய தகரத் துண்டில் தடவி, காய்ந்த பிறகு, வெயிலில் வைத்து ஒப்பிடுங்கள். ஈரமாக இருக்கும்போது ஒரு நிறம், காய்ந்தால் இன்னொன்று. முழு வண்டிக்கும் வேண்டியதை ஒரே தடவையில் கலக்கச் சொல்லுங்கள், மறுநாள் போய்க் கேட்டால் அதே சிவப்பு வராது.

சிவப்பும் சாம்பலும் சேர்ந்ததற்கு ஒரு கதை உண்டு. ஃபெர்குசன் டிராக்டர்கள் ஆரம்பத்தில் சாம்பல் நிறம், மாசி ஹாரிஸ் வண்டிகள் சிவப்பு. 1953-இல் இரண்டு கம்பெனிகளும் இணைந்தன. தகரம் சிவப்பாகவும் என்ஜின் சாம்பலாகவும் வந்த மாசி 35-இன் வழிதான் சென்னை டாஃபே கம்பெனி செய்த நம் 1035. என்ஜினையும் சிவப்பாக அடித்துவிடுகிற பெயின்டர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

ஸ்ப்ரே கன் இல்லீங்க. பிரஷ்ல அடிச்சா அசிங்கமா இருக்குமா?

என்ஜின், ஆக்சில், அடிப்பாகத்துக்குப் பிரஷ் தாராளமாகப் போதும், மூலை முடுக்கெல்லாம் கன்னைவிட நன்றாகப் போய்ச் சேரும். பானட்டும் மட்கார்டும்தான் கண்ணில் படுகிற பரப்பு, அதற்கு மட்டும் கம்ப்ரசர் வாடகைக்கு எடுங்கள்.

கன்னுக்கு 1.4 மில்லிமீட்டர் நாசில், காற்று 40 முதல் 45 பிஎஸ்ஐ, தகரத்தில் இருந்து ஒரு சாண் தூரம். கையை விசிறி மாதிரி வளைக்காமல் தகரத்துக்கு இணையாக நேராகக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு வரியும் முந்தின வரியில் பாதியை மூடட்டும். முதல் கோட்டிங் அடி தெரிகிற அளவுக்கு மெல்லிசாக இருக்கட்டும், ஒரே மூச்சில் மூடப் பார்த்தால் வடியும். எனாமல் மேலே தோல் கட்டி உள்ளே இளகியே இருக்கும் குணமுள்ளது, கனமாக அடித்தால் ஒரு மாதம் கழித்தும் நகம் பதியும். அடித்த உடனே குண்டூசித் தலை அளவில் குழி குழியாக விலகினால் அங்கே எண்ணெய் இருக்கிறது, டீசல் கேள்விக்குச் சொன்னதை மறுபடி படியுங்கள். கம்ப்ரசர் டேங்கில் நிற்கிற தண்ணீரைத் திறந்து விட மறக்காதீர்கள். பீடி, சிகரெட் பக்கத்தில் கூடாது என்று சொல்லவே வேண்டாம், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

பெயின்ட் படக்கூடாத இடம்னு ஏதாவது இருக்கா?

இந்தக் கேள்வியை யாராவது முதலிலேயே கேட்டால் எனக்குச் சந்தோஷம். பெரும்பாலும் வண்டி மக்கர் பண்ணின பிறகுதான் கேட்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு மாமாவின் வண்டி புதுப் பெயின்டோடு வயலில் இறங்கியது. அரைமணிக்கு ஒரு தடவை நின்றது. டீசல் குழாயில் காற்று அடைத்திருக்கிறது, ஏர் லாக் என்று மெக்கானிக் இரண்டு தடவை ஏர் எடுத்தார், ஃபில்டர் மாற்றினார். கடைசியில் பார்த்தால் டீசல் டேங்க் மூடியில் காற்றுப் போகிற ஊசித் துளை பெயின்டில் அடைத்திருந்தது. டீசல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி எண்ணெய் வருவது நின்றுபோகிறது. கியர் பாக்ஸ், ஹைட்ராலிக்கில் காற்றுப் போகிற பிரீதரும் இப்படித்தான், அது அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி ஆயில் சீல் வழியாகக் கக்கும்.

பேட்டரியின் எர்த் ஒயர் சேசிஸைத் தொடுகிற இடம் வெறும் இரும்பாக இருக்க வேண்டும், அங்கே பெயின்ட் இருந்தால் செல்ஃப் சுற்றாது. கிரீஸ் நிப்பிள் வாய்களுக்குக் கொஞ்சம் கிரீஸ் அப்பிவிடுங்கள், பெயின்ட் பட்டாலும் துடைத்தால் போகும். பளபளப்பான ராடுகள், ஆயில் சீல் உதடு, ரப்பர் ஹோஸ், ஃபேன் பெல்ட், பிரேக், மீட்டர் கண்ணாடி எல்லாவற்றையும் டேப்பும் பழைய பேப்பரும் வைத்து மூடுங்கள். ரேடியேட்டர் சல்லடையில் கனமாக அடித்தால் சூடு வெளியேறாது.

சேசிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் இருக்கிற இடம் தனி. அங்கே பட்டி போடாதீர்கள், கிரைண்டர் வைக்கவே வைக்காதீர்கள். பெயர் மாற்றமோ வேறு வேலையோ என்று போனால் அந்த நம்பரைப் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு வரச் சொல்வார்கள். எழுத்து மழுங்கியிருந்தால் நீங்கள் திருடன் மாதிரி நிற்க வேண்டிவரும்.

சைலன்சருக்கு அடிச்ச கறுப்பு ரெண்டு நாள்ல பொசுங்கிப் போச்சே?

சாதாரண எனாமல் அந்தச் சூட்டைத் தாங்காது. வெப்பம் தாங்குகிற பெயின்ட் என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். துருவை முழுசாக எடுத்து, ப்ரைமர் இல்லாமல், மெல்லிசாக இரண்டு கோட்டிங். பிறகு வண்டியைக் கொஞ்ச நேரம் ஐடிலில் ஓட்டி நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டினால்தான் அது இறுகும்.

சக்கரத்துக்கு அடிக்கும்போது என்ன கவனிக்கணும்?

டிஸ்க்கும் ஹப்பும் ஒன்றையொன்று தொடுகிற முகத்திலும், நட்டு உட்காரும் இடத்திலும் பெயின்ட் கனமாக இருக்கக்கூடாது. நட்டை இறுக்கும்போது அந்தப் பெயின்டுதான் முதலில் அழுந்தும். ஓடும்போது அது நசுங்கி உதிர, நட்டு தளரும். சக்கரம் மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டின பிறகு ஒரு தடவை, அந்த வாரம் முடிவதற்குள் இன்னொரு தடவை நட்டை இறுக்கிப் பாருங்கள்.

பின் டயரில் எடைக்காகத் தண்ணீர் நிரப்பி ஓட்டுபவர்கள் டயரைக் கழற்றினால் ரிம்மின் உள்பக்கத்தையும் பாருங்கள். வால்வுப் பக்கம் கசிந்து உள்ளிருந்தே அரித்திருக்கும், வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. சேற்று உழவுக்கு மாட்டுகிற இரும்புக் கேஜ் வீலுக்குப் பெயின்ட் அடித்துக் காசை வீணாக்க வேண்டாம், கழுவிக் காயவைத்துக் கழிவு ஆயில் தடவினால் போதும். கலப்பைக் கொழுவுக்கும் அதேதான்.

சிவப்பு வண்டியை நீலமா மாத்தலாமா? எவன் கேக்கப் போறான்?

கேட்பார்கள். ஆர்.சி. புத்தகத்தில் நிறம் எழுதியிருக்கிறது. அதே நிறத்தில் மறுபடி அடிக்க யாரிடமும் போக வேண்டாம். வேறு நிறம் என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலிலேயே கேட்டு, பதிவில் மாற்றிக்கொள்ளுங்கள். வண்டி கடனில் இருந்தால் கடன் கொடுத்த இடத்திலும் சொல்லிவிடுங்கள். ராணுவப் பச்சை மட்டும் ஆசைப்படாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 121-ஆவது விதிப்படி அந்த ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டும்தான்.

பெயின்ட் அடிச்சு வித்தா கூட விலை போகுமா?

விவரம் தெரியாதவரிடம் போகும். விவரம் தெரிந்தவர் பழைய வண்டியில் புதுப் பெயின்டைப் பார்த்தால் முதலில் சந்தேகப்படுவார், அது சரியும்கூட. நீங்கள் வாங்கப் போகிறவராக இருந்தால் ஒரு சின்னக் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். தகரத்தில் சுள்ளென்று ஒட்டுகிற காந்தம் பட்டிக்கு மேல் வழுக்கும். போல்ட் தலை, ஹோஸ், ஒயர், நிப்பிள் எல்லாம் ஒரே நிறத்தில் குளித்திருந்தால் கழற்றாமலே அடித்திருக்கிறார்கள். கிளட்ச் ஹவுசிங்கிலும் முன் ஆக்சில் தாங்கியிலும் பெயின்டுக்கு அடியில் மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். விற்பவராக இருந்தால் அடிக்காமல் சுத்தமாகக் கழுவிக் காட்டுங்கள் என்பதுதான் என் யோசனை.

அடிச்சு முடிச்சாச்சு. எப்போ வயல்ல இறக்கலாம்?

எனாமல் என்றால் மூன்று நாள் நிழலில், அப்புறம் லேசான வேலை. சேற்று உழவுக்கு மூன்று வாரமாவது பொறுங்கள். அதற்குள் வாட்டர் சர்வீஸ் வேண்டாம், சும்மா தண்ணீர் ஊற்றித் துடைத்தால் போதும். டேங்க் வாயில் டீசல் சிந்தினால் உடனே துடையுங்கள். ஸ்டிக்கர் ஒட்டுவதும் முழுசாக இறுகிய பிறகுதான், முன்னாலேயே ஒட்டினால் அடியில் முட்டை முட்டையாக எழும்பும். உழவு முடிந்த அன்றே மட்கார்டின் அடியைக் கழுவிவிட்டால் இந்த வேலைக்கு மறுபடி இறங்க வெகுநாள் ஆகும்.

பானட்டுல எங்க தாத்தா பேரு கையால எழுதியிருக்கு. எழுதினவரும் இப்ப இல்லை. அழிக்க மனசு வரலை, என்ன பண்றது?

அழிப்பதற்கு முன்னால் பிரதி எடுத்துவிடுங்கள். பட்டர் பேப்பரைப் பெயரின் மேல் டேப்பால் ஒட்டி, எழுத்தின் ஓரத்தைக் கூர்மையான பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். பானட்டின் எந்த ஓரத்தில் இருந்து எத்தனை அங்குலம் என்று இரண்டு பக்கமும் அளந்து அதே பேப்பரில் எழுதுங்கள். எந்த நிறம், நிழல் எந்தப் பக்கம் என்பதையும் எழுதிவையுங்கள். புதுப் பெயின்ட் இறுகிய பிறகு பேப்பரின் பின்பக்கம் சாக்பீஸ் தேய்த்து, அதே அளவில் ஒட்டி, கோட்டின் மேல் அழுத்தி வரைந்தால் வெள்ளைக் கோடாகப் பதியும். போர்டு எழுதுகிற ஆள் ஒருவரைப் பிடித்து அதன் மேல் எழுதச் சொல்லுங்கள்.

அந்த இடத்தில் பெயின்ட் நன்றாகப் பிடித்திருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. பெயரைச் சுற்றி ஒரு செவ்வகமாக மாஸ்கிங் டேப் ஒட்டி, அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடியுங்கள். பழைய சிவப்பும் புதுச் சிவப்பும் வேறுபட்டுத் தெரியும்தான். எங்கள் வண்டியில் அப்பா பெயர் அப்படித்தான் இருக்கிறது.